‘லுக் ஃபார்வர்ட் டு’: மெயிலின் கடைசி வரியைத் தப்பில்லாமல் எழுத

வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள், முதல் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று பலர் ஆங்கிலத்தில் எழுதிய மெயிலை அனுப்பும் முன் என்னிடம் ஒருமுறை காட்டுவார்கள். முதல் பத்தி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். படிப்பு, மதிப்பெண், தெரிந்த சாஃப்ட்வேர் எல்லாம் ஒழுங்காக வந்திருக்கும். கடைசி வரிக்கு வரும்போதுதான் சறுக்கும். ஒருவர் “லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ” என்று முடித்திருப்பார். இன்னொருவர் “லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை” என்று போட்டிருப்பார். “லுக்கிங் ஃபார்வர்ட் தட் யூ வில் கால் மீ” என்று எழுதிய மெயிலையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றுமே தப்பு. ஆனால் எதுவும் சோம்பேறித்தனத்தால் வந்த தப்பு கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இலக்கண சுத்தமான ஒரு தமிழ் வாக்கியம் உட்கார்ந்திருக்கிறது. மனதில் ஓடும் அந்தத் தமிழ் வாக்கியத்தை மாற்றிப் போட்டால் ஆங்கிலம் தானாகச் சரியாகிவிடும். விதியை மனப்பாடம் செய்வதைவிட இது எளிது, மறக்கவும் மறக்காது. அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எப்போது சொல்லலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கல்யாணப் பத்திரிகையை எடுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று இருக்கும். சில பத்திரிகைகளில் ‘தங்கள் வருகையை ஆவலுடன் எதிர்நோக்கும்’ என்று அச்சடித்திருப்பார்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதற்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரிந்து இல்லை. கல்யாணம் நடக்கப் போவது உறுதி, தேதி குறித்தாயிற்று. நீங்கள் வந்தால் அவர்களுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை இப்போதே உங்களிடம் சொல்லி வைக்கிறார்கள்.

ஆங்கிலத் தொடருக்கும் இவைதான் அடையாளம். இனிமேல் நடக்கப் போகிற விஷயமாக இருக்க வேண்டும். அநேகமாக நடந்துவிடும் என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். நடந்தால் மகிழ்ச்சி தருவதாகவும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் தொடர் ஒட்டாது. லாட்டரியில் கோடி ரூபாய் விழ வேண்டும் என்ற ஆசைக்கு இது பொருந்தாது, அதற்கு ‘ஹோப்’ இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவு வர வேண்டியிருந்தால் “ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் த ரிசல்ட்ஸ்” என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே ‘லுக்கிங் ஃபார்வர்ட்’ என்றால், என்ன வரப்போகிறதோ என்று பயந்து கிடப்பவர் ஏதோ விருந்துக்குப் போகிற மாதிரி ஆகிவிடும். இரங்கல் கடிதத்தில் இந்தத் தொடர் எந்த மூலையிலும் வரக்கூடாது. “காரியத்துக்கு வருகிறேன்” என்று தெரிவிக்க வேண்டுமானால் “ஐ வில் பி தேர்” போதும்.

இரண்டாம் படி: ‘எக்ஸ்பெக்ட்’ என்ற சொல்லைத் தள்ளி வையுங்கள்

நம் ‘எதிர்பார்க்கிறேன்’ இரண்டு வேலை பார்க்கிற சொல். “உங்களை ரொம்ப எதிர்பார்த்தேன்” என்றால் அதில் அன்பு இருக்கிறது. “உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை” என்றால் அதில் கண்டிப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனி ஆள். அன்புக்கும் ஆவலுக்கும் ‘லுக் ஃபார்வர்ட் டு’. கணக்குக்கும் கண்டிப்புக்கும் ‘எக்ஸ்பெக்ட்’. அகராதியில் ‘எதிர்பார்’ என்பதற்கு நேராக ‘எக்ஸ்பெக்ட்’ என்று முதலில் பார்த்துவிடுகிறோம், அதுவே கைக்குப் பழகிவிடுகிறது.

என் முதல் வேலையில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு “ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் யுவர் ரிப்ளை டுடே” என்று எழுதி அனுப்பினேன். பணிவாக எழுதியதாகத்தான் நினைத்திருந்தேன். அவரிடமிருந்து ஒரே வரி வந்தது: இன்றைக்குத் தருவதாக நான் எப்போது சொன்னேன்? பக்கத்து மேசையில் இருந்த அக்கா என் மெயிலை வாங்கிப் படித்தார். “தம்பி, எக்ஸ்பெக்டிங்னு போட்டா கடன் கொடுத்தவங்க வாசல்ல வந்து நிக்கிற மாதிரி இருக்கு. லுக்கிங் ஃபார்வர்ட்னு போடுங்க. நமக்கு அவசரம்னா அவசரத்தைத் தனியா எழுதுங்க” என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் எழுதுகிறேன். “குட் யூ ப்ளீஸ் ரிப்ளை பை ஃபைவ் டுடே?” என்று அவசரத்தை ஒரு வரியில் கேட்டுவிட்டு, அடுத்த வரியில் “ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ” என்று முடித்தால் இரண்டும் அதனதன் இடத்தில் நிற்கும்.

‘எக்ஸ்பெக்ட்’ கெட்ட சொல் என்று எண்ண வேண்டாம். “மழை பெய்யும் என்று எதிர்பார்க்கிறேன்”, “பார்சல் நாளைக்கு வரும் என்று எதிர்பார்க்கிறேன்” போன்ற இடங்களில் அதுதான் சரி. அங்கே ஆவல் எதுவும் இல்லை, கணிப்பு மட்டும்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: பெயர்ச்சொல்லோடு மட்டும் பழகுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் ஒரு வாரத்துக்கு வினைச்சொல் பக்கமே போக வேண்டாம். ‘டு’ என்பதற்குப் பிறகு ஒரு பெயரை வையுங்கள், வேலை முடிந்தது.

“ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு த வீக்கெண்ட்.” வார இறுதி எப்போது வரும் என்று இருக்கிறது.

“ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை.” உங்கள் பதிலை ஆவலோடு எதிர்நோக்குகிறேன்.

“வி ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் டு த டிரிப்.” பயணத்தை ஆவலாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் தமிழ் வாக்கியங்களில் ‘பதிலை’, ‘பயணத்தை’ என்று ‘ஐ’ உருபு வருவதைக் கவனியுங்கள். அந்த ‘ஐ’ நிற்கும் இடத்தில்தான் ஆங்கிலத்தில் ‘டு’ நிற்கிறது. இது முழுக் கட்டுரைக்கும் ஆணிவேர், அதனால் இங்கே கொஞ்சம் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பதிலை, ‘டு யுவர் ரிப்ளை’. பயணத்தை, ‘டு த டிரிப்’. விடுமுறையை, ‘டு த ஹாலிடேஸ்’.

எல்லாவற்றிலும் சின்னது, எல்லாவற்றிலும் அதிகமாகப் பயன்படுவது, “லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்”. திங்கட்கிழமை காலை சந்திக்கலாம் என்று ஒருவர் மெயில் போட்டால் அதற்கு இந்த நான்கு சொல்லே முழுப் பதில். ‘அதை எதிர்நோக்குகிறேன்’. அதை, ‘டு இட்’. ‘இட்’ என்பதை விட்டுவிட்டு “லுக்கிங் ஃபார்வர்ட் டு” என்று பாதியில் நிறுத்தினால் ‘எதை?’ என்ற கேள்வி தொங்கும். “லுக்கிங் ஃபார்வர்ட்!” என்று இரண்டே சொல்லில் முடிப்பதும் நம் ஊர் அலுவலகங்களில் பரவிவருகிறது. நெருங்கியவர்களுக்கு வாட்ஸப்பில் ஓடும். முதல்முறை எழுதுகிறவருக்கு வேண்டாம்.

நான்காம் படி: வினைச்சொல் வந்தால் ‘இங்’

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

“ஐ வான்ட் டு ஸீ யூ” சரி. “ஐ லைக் டு ஸீ யூ” சரி. “ஐ ஹோப் டு ஸீ யூ” சரி. பள்ளியில் இருந்தே ‘டு’ வந்தால் அடுத்து வெறும் வினைச்சொல் என்று பழகிவிட்டோம். அதனால் “லுக்கிங் ஃபார்வர்ட் டு ஸீ யூ” என்று கை தானாக எழுதிவிடுகிறது. ஆனால் சரியானது “லுக்கிங் ஃபார்வர்ட் டு ஸீயிங் யூ”.

காரணம் இதுதான். ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருக்கிற இரண்டு ‘டு’ உண்டு. ஒன்று வினையோடு ஒட்டிக்கொள்வது. ‘டு கோ’ என்றால் போக, ‘டு ஸீ’ என்றால் பார்க்க. இன்னொன்று பெயருக்கு முன்னால் வந்து திசை காட்டுவது. ‘டு மதுரை’ என்றால் மதுரைக்கு, ‘டு த ஸ்டேஷன்’ என்றால் ஸ்டேஷனுக்கு. ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதில் இருப்பது இந்த இரண்டாவது ‘டு’. கண்ணை முன்னால் வைத்து எதை நோக்கிப் பார்க்கிறோமோ, அந்தப் பக்கத்தைக் காட்டுகிறது. பெயருக்கு முன்னால் நிற்க வேண்டியது என்பதால், பின்னால் வினை வந்தாலும் அது பெயர் வேடம் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். அந்த வேடம்தான் ‘இங்’.

நம் இலக்கணத்தில் இதற்குத் தொழிற்பெயர் என்று பெயர். போதல், வருகை, பார்ப்பது, சந்திப்பு எல்லாம் அந்த இனம். இலக்கணப் புத்தகங்கள் இதற்கு ‘தல்’, ‘அல்’ என்று தொடங்கி 19 விகுதிகளை அடுக்குகின்றன. 19 விகுதிகளோடு வளர்ந்த நமக்கு இந்த ஒரே ஒரு ‘இங்’ பாரமே இல்லை.

அப்புறம் ஏன் தப்பு வருகிறது? நம் மனதில் ஓடும் வாக்கியம் “உங்களைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்” என்பது. அழகான தமிழ். ஆனால் அதில் இருப்பது ‘பார்க்க’. ‘பார்க்க’ என்பது அப்படியே ‘டு ஸீ’ ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் வாக்கியத்தை இப்படி மாற்றிப் போடுங்கள்: “உங்களைப் பார்ப்பதை எதிர்நோக்கியிருக்கிறேன்.” பேச்சில் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள்தான். ஆனால் மனதுக்குள் ஒரு நொடி சொல்லிக்கொள்ள இது போதும். ‘பார்ப்பதை’ என்று ‘ஐ’ விழுந்துவிட்டது. ‘பார்ப்பது’, ‘ஸீயிங்’. ‘ஐ’, ‘டு’. சேர்த்தால் ‘டு ஸீயிங்’.

போக என்றால் ‘டு கோ’, போவதை என்றால் ‘டு கோயிங்’. சேர என்றால் ‘டு ஜாயின்’, சேர்வதை என்றால் ‘டு ஜாயினிங்’. கேட்க என்றால் ‘டு ஹியர்’, கேட்பதை என்றால் ‘டு ஹியரிங்’. இந்த மூன்று ஜோடியை நாலு தடவை வாய்விட்டுச் சொன்னால் காது பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு ‘டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று எங்காவது படித்தால் காதிலேயே உறுத்தும்.

எழுதும்போது சந்தேகம் வந்தால் சோதிக்க ஒரு வழி உண்டு. ‘டு’ என்பதற்குப் பிறகு ‘இட்’ போட்டுப் பாருங்கள். “ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்” நிற்கிறது. அப்படியானால் அங்கே ‘இங்’ வரும். “ஐ வான்ட் டு இட்” நிற்கவில்லை. அங்கே வெறும் வினை போதும். இந்தச் சோதனை வேறு தொடர்களுக்கும் பலன் தரும். “ஐ ஆம் யூஸ்டு டு இட்” நிற்கும், ஆகவே “ஐ ஆம் யூஸ்டு டு வேக்கிங் அப் எர்லி”. அதிகாலையில் எழுந்து பழகிவிட்டது என்று அர்த்தம். “ஐ அப்ஜெக்ட் டு இட்” நிற்கும், ஆகவே “ஐ அப்ஜெக்ட் டு பேயிங் ட்வைஸ்”. இரண்டு தடவை பணம் கட்ட எனக்குச் சம்மதமில்லை.

ஐந்தாம் படி: ‘ஃபார்’, ‘தட்’ இரண்டையும் களையுங்கள்

“லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை” எங்கிருந்து வருகிறது? “உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்” என்பதிலிருந்து. ‘க்காக’ என்றதும் ‘ஃபார்’ வந்துவிட்டது. ‘க்காக’ வேண்டுமானால் அதற்கான ஆங்கிலம் “ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை”. அது சரியான வாக்கியம்தான், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது போன்ற தொனி அதில் உண்டு. ‘பதிலை’ என்று மாற்றுங்கள், ‘டு’ வந்துவிடும்.

“லுக்கிங் ஃபார்வர்ட் தட் யூ வில் கம்” என்பதற்குப் பின்னால் இருப்பது “நீங்கள் வருவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்”. ‘என்று’ வந்தாலே ‘லுக் ஃபார்வர்ட்’ கதவை மூடிக்கொள்ளும். ‘என்று’ வேண்டுமானால் ‘ஹோப்’ பக்கம் போங்கள்: “ஐ ஹோப் யூ வில் கம்.” ‘லுக் ஃபார்வர்ட்’தான் வேண்டும் என்றால் ‘நீங்கள் வருவதை’ என்று திருப்புங்கள்: “ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் விசிட்.” இதில் உங்கள் வருகை உறுதி என்ற நம்பிக்கை இருக்கிறது. ‘ஹோப்’ என்பதில் வந்தால் நல்லது என்ற ஆசை மட்டும் இருக்கிறது.

‘ரொம்ப’ என்பதைச் சேர்க்கும்போதும் ஒரு சின்ன கவனம் வேண்டும். “ஐ ஆம் வெரி லுக்கிங் ஃபார்வர்ட்” என்று வராது. “ஐ ஆம் ரியலி லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்” என்பது பேச்சுக்கு. “ஐ ஆம் வெரி மச் லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்” என்பது கொஞ்சம் மரியாதையான இடத்துக்கு.

ஆறாம் படி: ‘ஐ லுக்’, ‘ஐ ஆம் லுக்கிங்’, எதை எங்கே?

பொருளில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் உடுப்பில். “ஐ லுக் ஃபார்வர்ட் டு” என்பது இஸ்திரி போட்ட சட்டை. “ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு” என்பது வீட்டுச் சட்டை. வேலை விண்ணப்பம், வங்கிக்குக் கடிதம், பேராசிரியருக்கு மெயில் என்றால் முதலாவது. நண்பர், சக ஊழியர், பேசிப் பழகிய வாடிக்கையாளர் என்றால் இரண்டாவது.

விமானம் தரையிறங்கியதும் ஒலிபெருக்கியில் “வி லுக் ஃபார்வர்ட் டு வெல்கமிங் யூ ஆன்போர்ட் அகெய்ன்” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது சட்டை மடிப்புக் கலையாத ‘வி லுக்’. அதில் ‘வெல்கமிங்’ என்ற ‘இங்’ இருப்பதையும் அடுத்த முறை கேட்டுப் பாருங்கள். கிரிக்கெட் ஆட்டம் முடிந்ததும் மைக் முன்னால் வரும் கேப்டன்கள் அடுத்த ஆட்டத்தைப் பற்றி “வி ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்” என்று அடிக்கடி சொல்வார்கள். அது பேச்சு நடை.

‘ஆம்’ என்பதை விட்டுவிட்டு “ஐ லுக்கிங் ஃபார்வர்ட்” என்றோ, ‘இங்’ இல்லாமல் “ஐ ஆம் லுக் ஃபார்வர்ட்” என்றோ எழுதாதீர்கள். மெயிலின் கடைசி வரியில் மட்டும் ‘ஐ ஆம்’ இரண்டையும் சேர்த்தே விட்டுவிட்டு “லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ” என்று எழுதும் வழக்கம் உண்டு. அது ஏற்கப்பட்ட சுருக்கம், தப்பில்லை.

ஒரு மெயிலைத் திருத்திப் பார்ப்போம்

போன மாதம் ஒரு தம்பி நேர்முகத் தேர்வு முடிந்த அன்று மாலை நிறுவனத்துக்கு எழுதிய நன்றி மெயிலைக் கொண்டுவந்தார். முடிவு இப்படி இருந்தது: “தேங்க் யூ ஃபார் த இன்டர்வியூ. ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஜாயின் யுவர் கம்பெனி. எக்ஸ்பெக்டிங் யுவர் ஃபேவரபிள் ரிப்ளை. தேங்கிங் யூ.”

‘டு ஜாயின்’ என்பதை ‘டு ஜாயினிங்’ என்று மாற்றினால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் பொருள் சரியாகாது. வேலை இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்காத வேலையில் சேர்வதை எதிர்நோக்கினால், முடிவு ஏற்கெனவே தெரிந்துவிட்டது போன்ற தொனி வந்துவிடும். அதனால் அந்த வரியையே எடுத்துவிட்டோம். ‘எக்ஸ்பெக்டிங் யுவர் ஃபேவரபிள் ரிப்ளை’ என்பது நம் பள்ளி விடுப்புக் கடிதக் காலத்திலிருந்து கூடவே வருகிற வரி. சாதகமான பதிலைத்தான் தர வேண்டும் என்று கேட்பது போல இருக்கிறது. அதுவும் போயிற்று. ‘தேங்கிங் யூ’ என்று தனியாக நிற்பதும் பழைய கடித நடை, முதல் வரியிலேயே நன்றி சொல்லியாயிற்று.

கடைசியில் நின்றது இவ்வளவுதான்: “தேங்க் யூ ஃபார் மீட்டிங் மீ டுடே. ஐ என்ஜாய்ட் அவர் கான்வர்சேஷன் அபவுட் த ப்ராஜெக்ட். ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.” பணிவும் இருக்கிறது, நிமிர்வும் இருக்கிறது. உங்களிடமிருந்து தகவல் வரும் என்பது உறுதி, அது எந்தத் தகவலாக இருந்தாலும்.

வேலை உறுதியாகி ஆணை கைக்கு வந்த பிறகு அந்தத் தம்பி எழுத வேண்டியது வேறு: “ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஜாயினிங் த டீம் ஆன் மன்டே.” இப்போது சேர்வது நிச்சயம், எதிர்நோக்கலாம்.

இந்த இடத்தில் ‘மீட்டிங்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. “லுக்கிங் ஃபார்வர்ட் டு த மீட்டிங்” என்றால் கூட்டத்தை எதிர்நோக்குகிறேன். “லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ” என்றால் உங்களைச் சந்திப்பதை எதிர்நோக்குகிறேன். இரண்டையும் கலந்து “டு த மீட்டிங் யூ” என்று எழுதிவிடுகிறார்கள். ‘யூ’ வந்தால் ‘த’ வராது.

புகார்க் கடிதத்திலும் இந்தத் தொடருக்கு வேலை இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. பணம் பிடித்தும் பொருள் வரவில்லை என்று ஒரு கடைக்கு எழுதுகிறீர்கள். கோபத்தை முதல் பத்தியில் விவரமாகச் சொல்லிவிட்டு, “ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ப்ராம்ப்ட் ரிப்ளை” என்று முடியுங்கள். சீக்கிரம் பதில் வர வேண்டும் என்ற அழுத்தம் அதில் இருக்கும், ஆனால் குரல் உயராது.

ஏழாம் படி: பேச்சில் புழங்குங்கள்

பேசும்போது அழுத்தம் ‘ஃபார்வர்ட்’ என்பதன் முதல் பாதியில் விழ வேண்டும். ‘டு’ லேசாக, பட்டும் படாமலும் வரட்டும். ‘ஃபார்வர்ட்-டு’ என்று ஒரே மூச்சில் ஒட்டிச் சொல்லுங்கள். ‘டூ’ என்று நீட்டினால் எண் இரண்டு போலக் கேட்கும்.

ஒருவரை முதல்முதலாகச் சந்திக்கும்போது “ஐ ஹாவ் பீன் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ” என்று சொன்னால் அவர் முகம் மலரும். இத்தனை நாளாக இந்தச் சந்திப்பை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம். திட்டம் தவறிப்போனால் “ஐ வாஸ் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஸீயிங் யூ, பட் த டிரெய்ன் வாஸ் கேன்சல்டு” என்று சொல்லலாம். ரயில் ரத்தான செய்தியோடு உங்கள் வருத்தமும் சேர்ந்தே போய்விடும்.

மறுத்துச் சொன்னால் இன்னும் சுவை. “ஐ ஆம் நாட் லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்” என்றால் அதை நினைத்தாலே மனசு வரவில்லை என்று பொருள். பரீட்சை, வீடு மாற்றுவது, நீளமான பஸ் பயணம் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். ‘நாட்’ எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள். “ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு நாட் வேக்கிங் அப் அட் ஃபைவ்” என்றால் அது சந்தோஷ வாக்கியம். இனி ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டாம் என்பதை நினைத்து மகிழ்கிறேன்.

கேள்வியாக மாறும்போது ‘டு’ கடைசிக்குப் போய்விடும். “வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்வர்ட் டு?” எதை ஆவலாக எதிர்நோக்குகிறீர்கள்? நேர்முகத் தேர்வில் “இந்த வேலையில் எதை ஆவலாக எதிர்பார்க்கிறீர்கள்?” என்று இப்படிக் கேட்பதுண்டு. கேள்வியின் வாலில் ‘டு’ தொங்குகிறதே என்று வெட்டிவிடாதீர்கள், அது இருந்தே ஆக வேண்டும். அதேபோல “ஐ நீட் ஸம்திங் டு லுக் ஃபார்வர்ட் டு” என்ற வாக்கியத்தில் இரண்டு ‘டு’ வரும். முதலாவது வினையோடு ஒட்டிய ‘டு’, கடைசியில் இருப்பது திசை காட்டும் ‘டு’. நாலாம் படியில் பார்த்த இரண்டும் ஒரே வரியில் நிற்கின்றன. மனசுக்குத் தெம்பு தர ஏதாவது ஒன்று முன்னால் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். எனக்கு ஆங்கிலத்தில் மிகவும் பிடித்த வாக்கியங்களில் ஒன்று.

யாராவது உங்களிடம் “லுக்கிங் ஃபார்வர்ட் டு ஸீயிங் யூ” என்றால் “மீ டூ” என்று சுருக்கமாகச் சொல்லலாம். மெயிலில் “ஸோ ஆம் ஐ” அல்லது “லைக்வைஸ்” நன்றாக இருக்கும்.

பயிற்சி

நாளைய காலண்டரைத் திறந்து அதில் இருக்கும் மூன்று விஷயங்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் தமிழில் ‘ஐ’ உருபு வருமாறு சொல்லுங்கள், பிறகு ஆங்கிலத்தில். ஒரு வாரம் போதும். இப்போதைக்குக் கீழே ஐந்து. கையால் மறைத்துக்கொண்டு நீங்களே சொல்லிப் பார்த்துவிட்டு விடையைப் பாருங்கள்.

அடுத்த வாரம் அம்மா வருவதை ஆவலோடு எதிர்பார்க்கிறேன். விடை: “ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மை மதர்ஸ் விசிட் நெக்ஸ்ட் வீக்.”

உங்களோடு மறுபடி வேலை செய்ய ஆவலாக இருக்கிறேன். ‘செய்ய’ என்பது உங்களை இழுக்கும், ‘செய்வதை’ என்று மாற்றுங்கள். விடை: “ஐ லுக் ஃபார்வர்ட் டு வொர்க்கிங் வித் யூ அகெய்ன்.”

பல் டாக்டரிடம் போக மனசே இல்லை. விடை: “ஐ ஆம் நாட் லுக்கிங் ஃபார்வர்ட் டு கோயிங் டு த டென்டிஸ்ட்.”

சாயங்காலம் மழை வரும் என்று எதிர்பார்க்கிறேன். வெறும் கணிப்பு, ‘என்று’ வேறு இருக்கிறது. இங்கே நம் தொடர் வேண்டாம். விடை: “ஐ எக்ஸ்பெக்ட் இட் வில் ரெய்ன் திஸ் ஈவ்னிங்.”

ஒரு மாதமாக ஊருக்குப் போவதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். விடை: “ஃபார் எ மன்த் நவ், ஐ ஹாவ் பீன் லுக்கிங் ஃபார்வர்ட் டு கோயிங் ஹோம்.” இதில் ‘ஃபார் எ மன்த்’ முன்னாலேயே வரட்டும். அதைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தால், ஒரு மாத லீவில் ஊருக்குப் போகிறீர்கள் என்று மேனேஜர் புரிந்துகொள்வார்.